ஒரு தவறைச் சொல்லுங்கள்

துணை வட்டாட்சியராக ஓய்வு பெற்ற நான், அறுபத்து மூன்றாவது வயதில் ஒரு மென்பொருள் நிறுவனத்தின் நேர்முகத் தேர்வுக்குப் போனேன். வேடிக்கை பார்க்கத்தான் போகிறேன் என்று வீட்டில் சொல்லியிருந்தேன். கைப்பட எழுதிய பழைய நிலப் பதிவேடுகளைக் கணினிக்குப் படிக்கக் கற்றுக்கொடுக்கும் நிறுவனம் அது. தஞ்சாவூரில் புதிதாகக் கிளை திறந்து, அந்தக் காலத்துக் கிராமக் கணக்கரான கர்ணத்தின் எழுத்தைப் படிக்கத் தெரிந்தவர் தேவை என்று அறிவித்திருந்தது.

முறைப்படிதான் போனேன். அசல் சான்றிதழ்கள் ஒரு கட்டு, பச்சை மையில் சான்றொப்பம் வாங்கிய நகல்கள் இரண்டு கட்டு. வரவேற்பில் இருந்த பெண் கோப்பைத் தொடக்கூட இல்லை.

“அதெல்லாம் வேணாம் சார். உக்காருங்க. காபி மிஷின் அங்க இருக்கு, எடுத்துக்கங்க.”

விண்ணப்பதாரருக்குக் காபி கொடுப்பது எந்த விதியில் வருகிறது என்று யோசித்தபடி உட்கார்ந்தேன்.

பக்கத்து நாற்காலியில் முப்பத்தைந்து வயது மதிக்கத்தக்க ஒரு பெண்மணி, தலையில் முக்காடு. முத்துப்பேட்டைக்காரர். கணவர் துபாயில். சென்னையில் மென்பொருள் சோதிக்கும் வேலையில் இருந்தவர், பிள்ளைப்பேற்றுக்காக விட்டு ஏழு வருடமாகிறது. இங்கும் அதே வேலைக்கு மூன்று சுற்று முடித்துவிட்டார். அன்று கடைசிச் சுற்று; எனக்கு இருந்ததே ஒரு சுற்றுதான்.

“தஞ்சாவூர்ன்னா போய்ட்டு வான்னு வீட்டுல சொல்லிட்டாங்க சார். சென்னைன்னா பேச்சே இல்ல. இது போச்சுன்னா எனக்கு இந்தப் பக்கம் வேற கம்பெனியும் கிடையாது.”

முந்தைய சுற்றுகளைப் பற்றித் துருவிக் கேட்டேன். இரண்டாவது சுற்றில் கணக்கைப் போடும்போதே, மனதில் ஓடுவதை எல்லாம் வாய்விட்டுச் சொல்லச் சொன்னார்களாம்.

“எங்க ஆபீசில யோசிச்சத வாய்விட்டுச் சொன்னா முத்துப்பேட்டைக்கு மாத்திருவாங்க” என்றேன்.

“ஓ, எங்க ஊருக்கு வந்த ஆபீசருங்கல்லாம் அப்படி வந்தவங்கதானா! நாங்க மீனுக்காக வர்றாங்கன்னுல்ல நெனச்சோம்.”

கடைசிச் சுற்றில் என்ன கேட்பார்கள் என்பதை நிறுவனமே அவருக்கு முன்கூட்டி எழுதியிருந்தது. வினாத்தாளை அவர்களே வெளியிட்டால் அதற்குக் கசிவு என்று பெயரில்லை போலும். கேள்வி இது: வேலையில் நீங்கள் செய்த ஒரு தவறைச் சொல்லுங்கள்.

“ஒரு தடவை ஒரு டெஸ்ட்டப் பண்ணாமலே பண்ணிட்டதா டிக் போட்டுட்டேன் சார். மனசு கேக்கல. மறுநாள் நானே போய்ச் சொல்லிட்டேன். அதச் சொல்லலாம்னு இருக்கேன்.”

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. “நீங்களே உங்க தலையில மண்ண வாரிப் போட்டுக்கப் போறீங்களாம்மா? மெமோ குடுத்துக் கேட்டாலே இல்லைன்னுதான் பதில் எழுதணும். முப்பது வருஷத்துக்கு மேல சர்வீஸ் பாத்தவன் சொல்றேன். அப்படி எதுவும் இல்லைன்னு சொல்லுங்க.”

அவர் யோசித்தார். அதற்குள் கூப்பிட்டுவிட்டார்கள்.

கால் மணி நேரத்தில் திரும்பினார். முகம் சரியில்லை. “இல்லன்னுட்டேன் சார். ரெண்டு பேரும் ஒருத்தர ஒருத்தர் பாத்துக்கிட்டாங்க. அப்புறம் ஒண்ணுமே கேக்கல.” அழைத்துப்போக அண்ணன் வரும் வரை அங்கேயே உட்கார்ந்தார். நான் ஆறுதல் சொல்ல வாயெடுப்பதற்குள் என் முறை வந்தது.

உள்ளே மேசைக்குப் பின்னால் ஒரு பெண். மடிக்கணினித் திரையில் சென்னையிலிருந்து ஓர் ஆண். இருவர் வயதையும் கூட்டினால் என் வயதுதான் வரும். எழுத்துச் சிதைந்த ஒரு பழைய அடங்கல் பதிவேட்டுப் பக்கத்தைக் காட்டினார்கள். வேலி, மா, குழி என்று நில அளவுகளை எல்லாம் சரளமாகப் படித்தேன். எந்த இடத்தில் கர்ணம் அவசரமாக எழுதியிருக்கிறார் என்பதையும் சேர்த்துச் சொன்னேன். பிறகு அதே கேள்வி வந்தது.

இல்லை என்ற பதில் நாக்கு நுனியில் தயாராக இருந்தது. ஆனாலும் ஆவல் விடவில்லை. “இதத் தெரிஞ்சு நீங்க என்ன பண்ணப்போறீங்க?” என்றேன்.

அந்தப் பெண் சிரித்தார். “இங்க வேலையே தப்பக் கண்டுபிடிச்சுச் சொல்றதுதான் சார். மிஷின் தப்பாப் படிச்சா அடுத்தவன் நிலம் இவன் பேர்ல ஏறிடும். தன் தப்பையே மறைக்கிறவங்க, மிஷினோட தப்ப எப்படிச் சொல்லுவாங்க?”

அடங்கலில் பேர் மாறினால் என்ன நடக்கும் என்று எனக்கா தெரியாது? கதவைப் பார்த்தேன். வெளியே அந்த முத்துப்பேட்டைக்காரர் இன்னும் உட்கார்ந்திருப்பார்.

“கொஞ்ச நேரத்துக்கு முன்னாடி ஒரு தப்புப் பண்ணேன்” என்றேன். நடந்ததை வரிசையாகச் சொன்னேன்: அவர் சொல்ல இருந்தது, நான் தடுத்தது, சர்வீஸை எல்லாம் சாட்சிக்கு இழுத்தது.

“சரி. அந்தத் தப்புக்கு அப்புறம் என்ன செஞ்சீங்க?” என்று திரையிலிருந்தவர் கேட்டார்.

“இப்பத்தான் செஞ்சுக்கிட்டிருக்கேன். அவங்க இன்னும் வெளிய இருக்காங்க. அண்ணன் வண்டி வர்றதுக்குள்ள கூப்பிட்டீங்கன்னா நல்லது.”

இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அவர் வெளியே வந்து சொன்ன அதே பார்வை. பிறகு அந்தப் பெண் எழுந்து போய்க் கதவைத் திறந்து, வெளியே இருந்தவரை மறுபடி உள்ளே கூப்பிட்டார்.

என் வேலை முடிந்துவிட்டது. நான் கிளம்பியிருக்கலாம், கிளம்பவில்லை. அவருடைய அண்ணன் வந்து வாசலில் வண்டியை நிறுத்திவிட்டு, என்னை இரண்டு தரம் முறைத்தார். அரை மணி கழித்து அந்தப் பெண்மணி வெளியே வந்தார்.

“சொன்னீங்களா?”

“சொன்னேன். அதுலேருந்து பத்துக் கேள்வி கேட்டாங்க சார். ஒன்னாம் தேதி வரச் சொல்லிட்டாங்க.” முக்காட்டைச் சரிசெய்துகொண்டார். “உங்களுக்கு?”

“தெரியப்படுத்துறோம்னாங்க.”

“அப்படின்னா என்ன சார் அர்த்தம்?”

அந்த ஒரு வாக்கியத்தை என் பணிக்காலத்தில் எத்தனையோ பேருக்கு நானே சொல்லியிருக்கிறேன்; ஒருவருக்கும் தெரியப்படுத்தியதில்லை. அதற்கு என்ன அர்த்தம் என்று அவரிடம் சொன்னேன்.