தொப்புள்காரம்மா

கோழிக்குஞ்சை உள்ளங்கையில் மல்லாக்கத் திருப்பி, வயிற்று மயிரை ஒரு விரலால் ஒதுக்கி, வாங்க வந்தவரின் மூக்குக்கு நேரே அந்த அம்மா நீட்டுகிறார். "நல்லா பாத்துக்குங்க. காலுக்கு நடுவுல, வயித்துல கறுப்பா ஒரு பொருக்கு தெரியுதா? அது தொப்புள். அதுல கை வைக்கவே கூடாது. வாலுக்குக் கீழ இருக்கு பாருங்க, இதுதான் பின்பக்கம். எச்சம் ஒட்டுனா இங்கதான் ஒட்டும். எங்க, இப்ப நீங்க சொல்லுங்க."

வந்தவர் பெரிய மீசைக்காரர், லாரி ஓட்டுகிறவர். பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி விரல் நீட்டி, "இது தொப்புள், இது பின்பக்கம்" என்று ஒப்பித்த பிறகுதான் அவருடைய அட்டைப்பெட்டிக்குள் குஞ்சு போயிற்று.

"குஞ்சு வாங்க வந்தா பரீட்சை வைக்கிறீங்களேம்மா!"

"பெயிலானா குஞ்சு கிடையாது," என்றார் அம்மா. அவர் சிரிக்கவில்லை.

பத்து வருடமாய் வாங்குகிறவர்களுக்கும் இதே பாடம்தான். அதனால் எங்கள் தெருவில் அவருக்குத் தொப்புள்காரம்மா என்றே பெயராகிவிட்டது. கூப்பிடுகிறவர்களுக்கு அது வேடிக்கை. எனக்கு மட்டும் அப்படிக் கூப்பிட வாய் வருவதில்லை.

வீட்டுக்குப் பின்னால் தகரம் போட்ட நீள அறை. தரையில் மரத்தூள், மேலே கயிற்றில் தொங்கும் பல்புகள். அவர் கணவர் ஸ்கூட்டரில் பெட்டி பெட்டியாய் ஒரு நாள் குஞ்சுகளைக் கொண்டுவந்து இறக்குவார். இறக்கியதும் தீனி கிடையாது. அம்மா ஒவ்வொன்றின் மூக்கையும் தண்ணீரில் தொட்டு எடுத்து, அது தலையைத் தூக்கி விழுங்குகிறதா என்று பார்த்துத்தான் கீழே விடுவார். "வழி நெடுக வாடி வந்திருக்குங்க. காஞ்ச வயித்துல தீனி போனா அங்கேயே இறுகிப்போகும். மொதல்ல தண்ணி, அப்புறந்தான் மத்ததெல்லாம்." பல்பை எவ்வளவு இறக்குவது என்பதற்கு அவரிடம் கருவி எதுவும் இல்லை. குஞ்சுகள் பல்புக்கு அடியில் ஒன்றின்மேல் ஒன்று ஏறினால் குளிர், சுவரோரம் ஒதுங்கி வாயைப் பிளந்தால் சூடு, இறைத்த கடலை மாதிரி பரவிக் கிடந்தால் சரி.

அப்படிப் பார்த்துப் பார்த்து வைத்தும் நூற்றுக்கு ஐந்தாறு குஞ்சுக்குப் பின்பக்கம் அடைத்துவிடும். எச்சம் வெளியே வந்து மயிரில் ஒட்டிக் காய்ந்து மூடி போட்டதுபோல் ஆகிவிடும். கவனிக்காமல் விட்டால் ஒன்றிரண்டு நாளில் உயிர் போய்விடும். அதற்காகக் காலையும் மாலையும் ஒவ்வொரு குஞ்சாய் எடுத்துப் பார்ப்பார். ஒட்டியிருந்தால் பிய்க்க மாட்டார். வெதுவெதுப்பான தண்ணீரில் துணியை நனைத்து அந்த இடத்தில் வைத்துப் பிடித்தபடி உட்கார்ந்திருப்பார். அவர் வீட்டில் அவசரமே இல்லாத இடம் அதுதான். ஊறிக் கரைந்து தானாக வழுக்கி வரும்வரை குஞ்சோடு பேச்சு. "அவசரப்பட்டு இழுத்தா தோலும் கூடவே வந்துரும்டா தங்கம். இரு, இரு... ஆங், வந்துட்டுது பாரு! ஆய் போச்சுன்னா ஆயுசு கெட்டி." பிறகு ஈரம் போகத் துடைத்து, ஒரு சொட்டு எண்ணெய் தடவி, மற்றது கொத்தாமல் இருக்கத் தனிப்பெட்டியில் பல்புக்குக் கீழே விடுவார். கொசு அளவு உயிருக்கும் கடவுள் ஒரு ஆளை வைத்திருக்கிறார் என்று நான் நினைத்துக்கொள்வேன்.

அவர் உட்கார்கிற முக்காலிக்குப் பக்கத்தில் இன்னொரு முக்காலி உண்டு. அதன்மேல் மடித்த துண்டு ஒன்று. ஒருநாள் நான் அதில் உட்காரப் போனேன். "அதுல வேணாங்க, இந்தச் சாக்குல உக்காருங்க" என்று சாக்கைத் தட்டி விரித்தார்.

அது அவருடைய நாத்தனாரின் முக்காலி.

நாத்தனார் அந்த வீட்டில்தான் இருக்கிறாள். அம்மாவின் கணவருக்குத் தங்கை. கட்டிக்கொடுத்துப் பதினோரு வருடம் வயிறு திறக்கவில்லை என்று புகுந்த வீட்டார் கொண்டுவந்து விட்டுப் போனார்கள். அண்ணன் வீட்டுச் சோறு தொண்டையில் இறங்குவதற்கு, விடியுமுன் எழுந்து இரண்டு ஆள் வேலையை ஒருத்தியாய்ச் செய்தாள். அண்ணி அண்ணி என்று அம்மாவின் காலைச் சுற்றியே கிடந்தாள். அம்மாவும் அவளுக்குத் தலை வாரிப் பின்னிவிட்ட பிறகுதான் தன் தலையில் சீப்பு வைப்பார். அந்த முக்காலிகளில் இருவரும் தோளோடு தோள் இடிக்க உட்கார்ந்து சிரிப்பது தெருமுனைவரை கேட்கும்.

மூன்று வருடத்துக்கு முன் கணவருக்குக் காய்ச்சல் முற்றி, அம்மா அவரோடு ஆஸ்பத்திரியில் ஒரு பகல் இருக்க வேண்டி வந்தது. அன்று காலையில்தான் காய்ச்சலோடேயே அவர் புதுக்குஞ்சு கொண்டுவந்து இறக்கியிருந்தார். நாத்தனார் அதுவரை குஞ்சைத் துடைத்துக் கொடுப்பாளே தவிர, கழுவியதில்லை. அண்ணி வருவதற்குள் முடித்துவைக்க நினைத்து எல்லாவற்றையும் எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். பின்பக்கத்தையும் கழுவினாள். வயிற்றில் இருந்த கறுப்புப் பொருக்கும் காய்ந்த எச்சம்தான் என்று எண்ணி, ஊறவைத்து ஊறவைத்து, ஒன்று விடாமல் எடுத்துவிட்டாள்.

குஞ்சு வாங்கப் போன நானும் அங்கே நின்றிருந்தேன். அம்மா உள்ளே வந்ததும் அவள் முகமெல்லாம் பூரிப்பாய், "அண்ணி, ஒரு அழுக்கு இல்லாம எடுத்துட்டேன், வந்து பாருங்க" என்றாள். அம்மா ஒன்றைத் தூக்கித் திருப்பினார். வயிற்றில் சிவந்த ஓட்டை. இன்னொன்றைத் திருப்பினார். அதிலும் அப்படியே. மரத்தூளில் ஏற்கெனவே நாலைந்து குஞ்சு கால் நீட்டிக் கிடந்தன.

ஆஸ்பத்திரி அலைச்சலா, வயிற்றெரிச்சலா, ஆண்டவனுக்குத்தான் தெரியும். அம்மா வாயிலிருந்து அது வந்துவிட்டது. "ஒண்ணு பெத்திருந்தா தெரிஞ்சிருக்கும்டி, தொப்புள் எதுன்னு!"

அவள் அழவில்லை. துண்டை மடித்து முக்காலிமேல் வைத்தாள். கையைக் கழுவிக்கொண்டாள். உள்ளே போய்விட்டாள். அந்த இடத்தில் நான் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

அன்றிலிருந்து அவள் குஞ்சைத் தொடுவதில்லை. ஆனால் காலையும் மாலையும் குஞ்சு கழுவ வெதுவெதுப்பாய்த் தண்ணீர் கொண்டுவந்து வாசற்படியில் வைப்பது நின்றதில்லை. கை பொறுக்கும் சூடு, ஒருநாளும் கூடாது, குறையாது. "தண்ணி வச்சிருக்கு" என்பாள். சமையல் முடிந்தால் "சாப்பாடு ஆச்சு." யாருக்குச் சொல்கிறாள் என்பது அதில் இருக்காது. அண்ணி என்கிற சொல் அந்த வீட்டில் கேட்டு மூன்று வருடமாகிறது.

"கால்ல கூட விழுந்துட்டேங்க," என்றார் அம்மா என்னிடம், கையில் இருந்த குஞ்சைப் பார்த்துக்கொண்டே. "'எழுந்திருங்க, புடவை அழுக்காவுது'ன்னு சொல்லிட்டுப் போய்ட்டா. காஞ்ச எச்சத்தை வெந்நீர்ல ஊறவச்சு எடுத்துடலாம். வாயில வந்ததை எதுல ஊறவைக்கிறது? ஒரே ஒரு தடவை அண்ணின்னு கூப்புட்டாப் போதும், நான் நிம்மதியாப் போய்ச் சேருவேன்." சாமி கும்பிடும்போது நான் அவர்கள் இருவர் பெயரையும் பிரிக்காமல் ஒன்றாகவே சொல்லிக்கொள்கிறேன்.

போன வாரம் நான் சாக்கில் உட்கார்ந்திருக்கும்போது நாத்தனார் தண்ணீர் கொண்டுவந்தாள். குனிந்து வைத்துவிட்டு நிமிர்வதற்குள் அம்மா, கழுவி முடித்த குஞ்சு ஒன்றை அவள் பக்கம் நீட்டினார்.

"இதைக் கொஞ்சம் பிடிச்சுக்கம்மா. எண்ணெய் தடவணும். எனக்குக் கண்ணு சரியா தெரியல."

குஞ்சு கீச்சென்றது. அவள் வலது கை இடுப்புயரம் வரை வந்தது. விரல்கள்கூட விரிந்தன. பிறகு கையை முந்தானையில் துடைத்துக்கொண்டாள், ஈரமே இல்லாத கையை.

"எனக்குத்தான் அதெல்லாம் தெரியாதே," என்றாள்.

கோபமாய்ச் சொல்லவில்லை, உண்மையைச் சொல்வதுபோல் சொன்னாள். அடுப்படிக்குப் போய்விட்டாள்.

அம்மா எண்ணெயைத் தானே தடவினார். மீதிக் குஞ்சுகளையும் ஒவ்வொன்றாய்ப் பார்த்து முடித்தார். பிறகு தன் துண்டைச் சோப்புப் போட்டு அலசினார். பக்கத்து முக்காலியில் மடித்தபடி சுத்தமாய் இருந்த துண்டையும் எடுத்து, அதே தண்ணீரில் நனைத்து, கசக்கி, பிழிந்து, இரண்டையும் கொடியில் பக்கத்தில் பக்கத்தில் உலர்த்தினார்.