பாட்டு நின்றபோது கேட்ட மின்சாரம்

1989 மார்ச் 16, வியாழக்கிழமை, பிற்பகல் மூன்று மணி இருபது நிமிடம். நேரத்தை இவ்வளவு துல்லியமாகச் சொல்ல முடிவது அந்தக் கட்டடத்தின் பழுதுப் பதிவேட்டின் உபயம். 'மூன்றாம் தளத்துக்கும் நான்காம் தளத்துக்கும் இடையே லிஃப்ட் நின்றது. உள்ளே ஒருவர்' என்று அதில் எழுதியிருக்கிறது. அந்த ஒருவர், நான்காம் தளத்துக் காப்பீட்டு அலுவலகத்தில் தட்டச்சராக இருந்த பெண். மீட்க வந்தவர் லிஃப்ட் மெக்கானிக்.

முகத்தைப் பார்ப்பதற்கு முன்பே அவரை அவள் காதால் அறிந்தாள். தலைக்கு மேலே, கேபின் கூரையில், ஸ்பேனர் தட்டும் ஓசை கேட்டது. மூன்று தட்டு, ஓர் இடைவெளி, மறுபடி இரண்டு தட்டு என்று அதில் ஒரு கணக்கு இருந்தது.

"மேல என்னங்க, வேலை நடக்குதா, கச்சேரி நடக்குதா?" என்று கத்தினாள்.

"ரெண்டும்தாங்க. கச்சேரி முடியறதுக்குள்ள இறக்கிடுறேன்."

ஏழு நிமிடத்தில் இறக்கினார். பதினான்கு மாதத்தில் திருமணம் நடந்தது. அவர் தட்டிய தாளம் ஒரு ஜப்பானிய மின்னிசைக் குழுவினுடையது என்பதும், கட்டிக்கொண்டது ஒருவரையன்று, அந்தக் குழுவையும் சேர்த்துத்தான் என்பதும் அதன் பிறகே அவளுக்குத் தெரியவந்தன.

லிஃப்ட் பொருத்த ஜப்பானிலிருந்து வந்த பொறியாளர் ஒருவர், மோட்டார் அறையில் ஒரு கேசட்டை மறந்துவிட்டுப் போயிருந்தார். எல்லாம் அதிலிருந்து தொடங்கியது. நான்கு பேர், நான்கு பெட்டிகள், நூறு பொத்தான்கள். அவற்றிலிருந்து எழும் ஓசைக்கு அவள் வைத்த பெயர் 'கொய்ங் கோஷ்டி'. படுக்கையறை அலமாரியில் அவளுடைய துணிமணிக்கு ஒரு தட்டு. கோஷ்டிக்கு ஆறு தட்டு. ஒவ்வொரு இசைத்தட்டுக்கும் ஒரு குறிப்பட்டை உண்டு. எந்த ஆண்டில் வந்தது, யார் வழியாகக் கிடைத்தது, எத்தனை பிரதிகள் வெளியாயின என்பதெல்லாம் பொடி எழுத்தில் பதிவாகியிருக்கும். பால் கணக்கை ஒருநாளும் எழுதிவைக்காத மனிதர் அவர்.

நிறுவனத்தில் அவருக்குக் 'காதுக்காரர்' என்று பெயர். லிஃப்ட் கதவில் ஒரு நிமிடம் காதை வைத்தால், எந்தச் சக்கரம் தேய்ந்திருக்கிறது என்று சொல்லிவிடுவார். இருபத்தாறு ஆண்டுகளில் ஒருமுறைகூடத் தவறியதில்லை.

அந்தக் கோஷ்டிக்கென்றே நகரில் ஐவர் கொண்ட ஒரு சங்கம் இருந்தது. மாதத்தின் முதல் ஞாயிறு காலையில், மருந்துக்கடைக்காரரின் கடைக்குப் பின்னறையில், இருமல் மருந்துப் பெட்டிகளுக்கு நடுவே கூடுவார்கள். ஐவரும் ஏங்கியது ஒன்றே ஒன்றுக்குத்தான்: குழு கலைவதற்கு முன் ஜப்பானின் கிழக்குப் பகுதி நகரம் ஒன்றில் நடத்திய கடைசிக் கச்சேரியின் ஒலிப்பதிவு. குழுவின் அலுவலகத்தில் இருந்த மூல நாடா, கிடங்கில் வெள்ளம் புகுந்து அழிந்துபோயிற்று. வேறு பிரதி கிடையாது என்று உலகமே நம்பியது.

2006இல் ஒரு ஞாயிறன்று மருந்துக்கடைக்காரர் ஒரு கேசட்டை எடுத்து வைத்தார். கப்பலில் சமையல் வேலை பார்த்த ஒருவரிடம் கிடைத்ததாம். அந்தக் கடைசிக் கச்சேரிதானாம். ஈடாக அவர் கேட்டது முப்பத்தொரு இசைத்தட்டுகள்; ஏறக்குறைய காதுக்காரரின் மொத்தச் சேகரிப்பும். காதுக்காரர் கொடுத்துவிட்டு வந்தார்.

வெறுமையாகக் கிடந்த அலமாரியைப் பார்த்து மனைவி கேட்டாள்: "கல்யாணமான புதுசுல எனக்குன்னு போட்டுக் காட்டினீங்களே, அந்தச் சிவப்பு ரெக்கார்டு?"

"அதுவும்தாம்மா."

"நல்லவேளை, கேசட்டுக்கு ஈடா என்னைக் கேக்கல."

அடுத்த மாதக் கூட்டத்தில் கேசட் ஓடியது. மூன்று பாட்டு முடிவதற்குள் சங்கத்தின் மூத்தவரான புகைப்படக்காரர் கைகொட்டிச் சிரித்தார்.

"காதுக்காரரே, உங்க தலையில நல்லா மிளகா அரைச்சிருக்காங்க! இது அதுக்கு முந்தின மாசம் மேற்கு ஊர்ல நடந்த கச்சேரி. நம்ம அஞ்சு பேருகிட்டயும் இருக்கு. அதே பாட்டு, அதே வரிசை, அதே வணக்கம்."

மறுக்க வழியில்லை. அந்தக் குழுவுக்குத் தாளம் போடுவது இயந்திரம். எந்த ஊரில் வாசித்தாலும் அச்சில் வார்த்ததுபோல் ஒன்றாகவே இருக்கும். கூட்டத்தின் கைதட்டலும் இதில் பதிவாகவில்லை.

மருந்துக்கடைக்காரரின் முகம் வெளிறிவிட்டது. "அண்ணே, சத்தியமா தெரிஞ்சு செய்யல. முப்பத்தொண்ணையும் திருப்பி எடுத்துக்குங்க."

"அடுத்த மாசம் வரைக்கும் பொறுங்க. அதுக்கப்புறமும் இது பொய்னு தோணினா வாங்கிக்கிறேன்."

"பொய்னு ஒத்துக்க ஒரு மாசமா?" என்றார் புகைப்படக்காரர்.

அந்த மாதம் முழுவதும் மாலையில் வேலை முடிந்து வந்ததும் அவர் கேசட்டின் முன் உட்கார்ந்தார். ஒரு சனிக்கிழமை பிற்பகல், மனைவி காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். அவர் ஒரே இடத்தைத் திரும்பத் திரும்ப ஓட்டினார். மூன்றாம் பாட்டுக்கும் நான்காம் பாட்டுக்கும் நடுவே உள்ள பதினொரு நொடி அது. சங்கத்தார் எல்லோரும் வேகமாக ஓட்டிக் கடந்துவிடுகிற இடம்.

"பாட்டே இல்லாத இடத்தை எத்தனை வாட்டிங்க கேப்பீங்க?"

"பாட்டு இல்ல. ஆனா கரண்டு இருக்கு. கத்தியைக் கீழ வச்சுட்டு இங்க வா."

மெல்லிய உறுமல் ஒன்று கேட்டது. பிறகு எல்லோரிடமும் இருக்கும் மேற்கு நகரக் கச்சேரியின் அதே பதினொரு நொடியைப் போட்டார்.

"இது கொஞ்சம் மேல ஏறி உறுமுதே," என்றாள் அவள்.

அவர் அவளைப் பார்த்த பார்வையில், மூன்றாம் தளத்தில் கேபின் கதவு திறந்த அன்றைய சிரிப்பு இருந்தது. பிறகு தொழிற்கையேட்டை எடுத்துவந்தார். ஜப்பானிய லிஃப்டுகளின் கட்டுப்பாட்டுப் பெட்டியில் 'ஐம்பது', 'அறுபது' என்று இரண்டு அமைப்புகள் உண்டு. அந்த நாட்டின் கிழக்குப் பாதியில் மின்சாரம் நொடிக்கு ஐம்பது முறை துடிக்கும். மேற்குப் பாதியில் அறுபது. ஐம்பதின் உறுமலை அவருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. நம் நாட்டு மின்சாரமும் ஐம்பதுதான்; அவர் வேலை பார்த்த மோட்டார் அறைகள் எல்லாம் அந்தச் சுதியில்தான் உறுமின. கேசட்டில் கேட்டதும் அதே சுதி.

நம் ஊர் மின்சாரத்தின் உறுமல் கலந்துவிடாதிருக்க, அடுத்த கூட்டத்துக்குப் பேட்டரியில் ஓடும் டேப் பெட்டியோடு போனார். அந்த முறை மனைவியும் உடன் போனாள். கேலி செய்பவர்களின் முகம் எப்படி மாறுகிறது என்று பார்க்க வேண்டுமாம்.

"டேப்பு மெதுவா ஓடினா உறுமலும் இறங்கும்," என்றார் புகைப்படக்காரர்.

"பாட்டும் சேர்ந்து இறங்கணுமே? பாட்டு ரெண்டுலயும் ஒரே சுதி."

"இங்க காப்பி எடுக்கும்போது நம்ம ஊர் கரண்டு ஏறியிருக்கும்."

"ஏறியிருந்தாலும், மேற்கு ஊர்ப் பதிவுன்னா அறுபதும் கூடவே இருக்கணும். அதோட சுவடு எங்க? நீங்களே கேளுங்க."

புகைப்படக்காரர் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார், மறுபடி கேட்டார். பிறகு கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மருந்துக்கடைக்காரர் எழுந்து நின்று, "அப்போ கேசட்டைத் திருப்பிக் குடுத்துடுங்கண்ணே!" என்றார். பின்னறை சிரிப்பில் அதிர்ந்தது. முப்பத்தொரு இசைத்தட்டுகள் மருந்துக்கடைக்காரரிடமே இருந்துவிட்டன.

குழுவின் அலுவலகத்துக்கு எழுதிய கடிதத்தை மனைவிதான் தட்டச்சு செய்தாள். 'எளியேன்' என்று அவர் சொன்ன இடத்தை எல்லாம் அவள் நீக்கிவிட்டாள். "எளியவரா? உலகத்துல ஒருத்தருக்கும் கேக்காதது உங்களுக்குக் கேட்டிருக்கு," என்றாள். கேசட்டும் உடன் போயிற்று.

ஏழு மாதம் கழித்துப் பதில் வந்தது. அவர்களுடைய ஒலிப்பொறியாளர் ஆய்ந்து உறுதி செய்துவிட்டார். கச்சேரி இசைத்தட்டாக வெளிவரப்போகிறது. அவரை எப்படிக் குறிப்பிடுவது என்று கேட்டிருந்தார்கள். தொழிலைப் போட்டால் போதும் என்று அவர் எழுதினார். வெளிவந்த பிரதியின் கடைசிப் பக்கத்தில், 'இப்பதிவு ஒரு லிஃப்ட் மெக்கானிக்கின் சேகரிப்பிலிருந்து. அவருடைய காதுகளுக்கு எங்கள் வணக்கம்' என்று அச்சாகியிருந்தது. மனைவி அந்தப் பக்கத்தை நகலெடுத்து, காப்பீட்டு அலுவலக அறிவிப்புப் பலகையில், மேலாளரின் சுற்றறிக்கைக்கு மேலேயே குத்திவைத்தாள். இரண்டு வாரம் வரை மேலாளர் உள்பட ஒருவரும் அதை எடுக்கவில்லை.

கேசட்டைத் திருப்பி அனுப்பியபோது அவர்கள் இன்னொரு கடிதமும் வைத்திருந்தார்கள். 'நாங்கள் உங்களுக்குக் கடன்பட்டிருக்கிறோம். எங்கள் கிடங்கிலுள்ள எந்தப் பொருளையும், எப்போது வேண்டுமானாலும், ஒன்று கேட்டுப் பெற்றுக்கொள்ளலாம்' என்று எழுதி, குழுவின் நால்வரும் கையெழுத்திட்டிருந்தார்கள்.

அவர் பணி ஓய்வு பெற்று ஆண்டுகள் பல ஆகிவிட்டன. இன்றைக்கும் முதல் ஞாயிறு தவறாமல் மருந்துக்கடைக்காரர் கேட்கிறார்: "என்னண்ணே, கேட்டீங்களா?" மனைவியும் கேட்டுப் பார்த்தாள்: "அந்தச் சிவப்பு ரெக்கார்டையாவது கேளுங்களேன்."

"கேட்டு வாங்கிட்டா கணக்குத் தீர்ந்துடும்மா. அந்த நாலு பேரும் எனக்குக் கடன்பட்டவங்க. இருக்கட்டுமே."

அந்தக் கடிதத்துக்கும் அவர் ஒரு குறிப்பட்டை எழுதிவைத்திருக்கிறார்: 'கடிதம், ஒன்று. வேறு பிரதி கிடையாது.' கேட்ட பொருளின் பெயரை எழுதுவதற்கென்று அதன் கீழே ஒரு கோடு போட்டிருக்கிறார். கோட்டின் மேல் இன்றுவரை எதுவும் எழுதப்படவில்லை.