தூக்கித் தள்ள வேண்டிய கதவு

செய்தி வந்தபோது நான் ஒரு வேன் கதவுக்கு நிறம் கலந்துகொண்டிருந்தேன். மாத்தளையில் வாகனப் பெயிண்ட் கடை வைத்து, ஊருக்கெல்லாம் 'நானா'வாக இருப்பவனின் காலை நேரம் அப்படித்தான் போகும். தொலைபேசியில் எல்கடுவ சந்தனம் அண்ணன். ஒரு காலத்தில் ஹயர் கார் ஓட்டியவர். கண் பார்வை போய்ப் பல வருஷமாகிறது. "நானா, மிஸ்ஸி போயிட்டாங்க. தூக்கத்துலயே போயிட்டாங்களாம்" என்றார். இன்னாலில்லாஹி என்று வாய் தானாகச் சொன்னது. கை மட்டும் கறுப்பை ஊற்றிக்கொண்டே இருந்தது. வெள்ளிச் சாம்பலாக வரவேண்டிய நிறம் அடுப்புச் சாம்பலாகிவிட்டது. வேன்காரரிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டுக் கடையைப் பூட்டினேன்.

மிஸ்ஸியைத் தெரிந்தவர்களுக்காக இதை எழுதுகிறேன். எல்கடுவப் பக்கத்துத் தேயிலைத் தோட்டங்களில் உங்களில் பாதிப் பேர் அவர் கையில்தான் விழுந்திருப்பீர்கள். சரோஜா என்ற பெயரை அடையாள அட்டையைத் தவிர வேறு யாரும் பயன்படுத்தியதாகத் தெரியவில்லை. மருத்துவச்சியாக இருந்து ஓய்வுபெற்று மாத்தளை நகரத்துக்கு வந்த பிறகு, மிஸ்ஸி தன் வீட்டு மேசையில் பிளாஸ்டிக் கார்கள் செய்துகொண்டிருந்தார் என்பது உங்களில் பலருக்கு அவருடைய சாவு வீட்டில்தான் தெரிந்தது. கண்ணாடி அலுமாரியைப் பார்த்துவிட்டு ஒருவர் என் காதில், வயதான காலத்தில் இதென்ன விளையாட்டுச் சாமான் என்று கேட்டார். அவரும் இதை வாசிக்க வேண்டும்.

முதன்முதலில் மிஸ்ஸி என் கடைக்கு வந்தது ஒரு வெற்றுக் கண்மருந்துப் போத்தலுடன். இதில் நிறையச் சிவப்புப் பெயிண்ட் வேண்டும் என்றார். நான் சிரித்துவிட்டேன். அவர் கோபித்துக்கொள்ளவில்லை. பையைத் திறந்து, உள்ளங்கைக்குள் அடங்கும் ஒரு காரின் உடலை எடுத்து மேசையில் வைத்தார். பெட்டியில் துண்டு துண்டாக வருவதை வெட்டி, அரம் போட்டு, ஒட்டி, தானே செய்தது. விட்டுவிட்டுப் போங்கள், நானே அடித்துத் தருகிறேன் என்று பெருமையாகச் சொன்னேன். எத்தனையோ பஸ்ஸுக்கு அடித்த கையல்லவா! அடித்தேன். பெயிண்ட் வழிந்து கதவுக் கோடுகளெல்லாம் மூடிப்போயின. மிஸ்ஸி அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "நானா, இது பஸ்ஸுக்குத் தச்ச சட்டை" என்றார். அன்றைக்கு எனக்குப் பிடித்த ரோஷம்தான் இந்தப் பித்து. அதன் பிறகு என் ஞாயிற்றுக்கிழமைகள் எல்லாம் அவருடைய மேசைக்கே போயின.

பிரசவ அறையில் பேசிய பேச்சையேதான் அந்த மேசையிலும் பேசுவார். முன்கண்ணாடி பொருந்தாமல் நான் பல்லைக் கடித்துக்கொண்டு அமுக்கினால், "தள்ளாதீங்க. மூச்ச விடுங்க. அதுவா வரும்" என்பார். பெரும்பாலும் வந்தது. அவரிடம் ஒரே ஒரு சட்டம் இருந்தது: தொடக்கூடாது. அலுமாரியில் அதை மூன்று மொழியிலும் எழுதி ஒட்டியிருந்தார். பெயிண்ட் அடித்த காரை நான் விரலால் சோதிக்கப் போனபோதெல்லாம் அவர் சொன்னது இதுதான்: "காஞ்சிருச்சான்னு தொட்டுப் பாக்கத் தோணுதில்ல? அப்ப இன்னும் காயல."

ஒரு நாள் சந்தனம் அண்ணனைப் பார்த்துவிட்டு வந்த மிஸ்ஸி, நேரே கடைக்கு வந்து உட்கார்ந்தார். முகம் சரியில்லை. அந்த மனிதருடைய மொரிஸ் மைனரில்தான் மிஸ்ஸி தன் உத்தியோகக் காலம் முழுக்கத் தாய்மாரை மாத்தளை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்தார். கண் போனதும் சந்தனம் அண்ணன் அந்தக் காரைப் பழைய இரும்புக்குக் கொடுத்துவிட்டார். ஒரு படம்கூட எடுத்து வைக்கவில்லை. இப்போது மிஸ்ஸியிடம் அவர் சொல்லியிருக்கிறார்: "கண்ணு போனப்பகூட காரு மனசுல இருந்துச்சு மிஸ்ஸி. இப்ப அதுவும் மங்குது. கதவு எப்புடி இருந்திச்சுன்னு யோசிச்சாத்தான் வருது." அது முழுக்க மங்குவதற்குள் அவர் கையில் அந்தக் காரைக் கொடுத்துவிட வேண்டும் என்றார் மிஸ்ஸி. அன்றைக்கே பெட்டி தேட ஆரம்பித்தோம்.

தேடிப் பிடித்த பெட்டியில் இரண்டு கதவு மொரிஸ் மைனர்தான் இருந்தது. அண்ணனுடையதோ நாலு கதவு. இருந்த கோடுகளைப் புட்டிப் பசை வைத்து மூடி, ஊசி முனையால் புதுக் கோடு கீறினார் மிஸ்ஸி. கதவுகளை வெட்டியெடுத்துத் திரும்பவும் ஒட்டினார். அதில் இடது பின்கதவு மட்டும் கீழே தொங்கி, வெளியே துருத்திக்கொண்டு நின்றது. வயதாகிவிட்டது, கை நடுங்கியிருக்கிறது என்று நினைத்து, அவர் தேநீர் போடப் போன நேரத்தில் அதை எடுத்துச் சரியாக ஒட்டி வைத்தேன். அடுத்த ஞாயிறு போனால் கதவு மறுபடியும் கோணல். மறுபடியும் நேராக்கினேன். மறுபடியும் கோணல். மூன்றாம் முறை என் கையைப் பிடித்துக்கொண்டு, அது அப்படித்தான் நானா, விடுங்கள் என்றார். இரண்டு வாரம் நான் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தேன்.

நிறந்தான் பெரிய பாடாகிவிட்டது. சாம்பலும் இல்லை, நீலமும் இல்லை என்பார் சந்தனம் அண்ணன். நான் கலந்து கலந்து யோகட் கரண்டிகளில் அடித்துப் பார்ப்பேன். சிறு கார் செய்கிறவர்கள் நிறம் பார்ப்பது பிளாஸ்டிக் கரண்டியில்தான். வளைவு காரின் வளைவு மாதிரியே இருக்கும். கரண்டி சேர்ந்ததே தவிர நிறம் சேரவில்லை. சிறு கார்களுக்கான போட்டிக் கண்காட்சி ஒன்றுக்கும் மிஸ்ஸி அந்தக் காரைப் பதிந்திருந்தார். அதற்கு ஒரு வாரம் இருக்கும்போது, தன் காருக்குப் பெயிண்ட் அடிக்கிற சத்தத்தையாவது கேட்க வேண்டும் என்று அண்ணன் ஆசைப்பட்டார். கம்பிரசரைத் தூக்கிக்கொண்டு எல்கடுவவுக்கு ஏறினோம். மலையெல்லாம் பனிமூட்டம். ஈரக் காற்றில் அடித்தால் பெயிண்ட் பால் பூத்து வெளுக்கும் என்பது என் கடைக்கு வருகிற எல்லோருக்கும் நான் சொல்கிற புத்திமதி. அவருடைய வீட்டு வாசலில் அவர் காதைக் கொடுத்து உட்கார்ந்திருந்ததைப் பார்த்ததும் அந்தப் புத்திமதி எனக்கே மறந்துவிட்டது. முதலில் ஒரு கரண்டிக்கு அடித்தேன், பிறகு காருக்கு. கண் முன்னாலேயே இரண்டும் வெளுத்து மங்கிப்போயின. எனக்கு அழுகை வந்துவிட்டது. வெட்கமில்லாமல்தான் சொல்கிறேன்.

தேயிலைத் தண்ணீர் கொண்டுவந்த பவளம் அக்கா, சந்தனம் அண்ணனின் மனைவி, தட்டோடு நின்றுவிட்டார். "ஏங்க, இது நம்ம காரு நெறம்" என்றார் கணவரிடம். அந்த மொரிஸ் மைனர் இதே வாசலில், இதே பனியிலும் வெயிலிலும் நின்று நின்று வெளுத்த கார். கடையில் இருந்த பெயிண்ட் தகரங்களுக்குள் நான் தேடிக்கொண்டிருந்தது இந்த மலையில் இருந்திருக்கிறது. சந்தனம் அண்ணன் கையை நீட்டினார். மிஸ்ஸி காரைப் பின்னால் இழுத்துக்கொண்டு, இன்னும் காயல என்றார்.

கண்காட்சி மாத்தளையில் ஒரு மண்டபத்தில் நடந்தது. கொழும்பிலிருந்து வந்த நடுவர் நல்ல மனிதர், சிங்களத்தில் பொறுமையாகப் பேசினார். கையில் டோர்ச்சும் பூதக்கண்ணாடியும். மற்றக் கார்களெல்லாம் மணமேடைக்கு வந்த மாதிரி மின்னின. எங்களுடைய காரில் நிறத்தை மெச்சினார். பிறகு இடது பின்கதவில் டோர்ச் நின்றது. கதவு சரியாக உட்காரவில்லை, கவனக்குறைவு என்று சொல்லிக் குறித்துக்கொண்டார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது, அவர்மீது அல்ல, என்மீது. மூன்றாம் முறையும் ஒட்டியிருக்க வேண்டும் என்று. மிஸ்ஸி மேசைக்கு முன்னால் வந்தார். 'தொடாதீர்கள்' அட்டையைக் கவிழ்த்து வைத்தார். காரை எடுத்துப்போய், வரிசையில் உட்கார்ந்திருந்த சந்தனம் அண்ணனின் இரண்டு கையிலும் வைத்து, தொட்டுப் பாருங்க என்றார்.

முன்விளக்கிலிருந்து தொடங்கினார் அண்ணன். பொனட், கண்ணாடி, கூரை. விரல்கள் மெதுவாகப் போய்க்கொண்டிருந்தன, ஆனால் முகத்தில் ஒன்றும் இல்லை. மிஸ்ஸி மூச்சை விடாமல் நின்றார். விரல் இடது பின்கதவுக்கு வந்தது. அங்கேயே நின்றது. முகம் மலர்ந்ததை அந்த மண்டபமே பார்த்தது.

"இந்தக் கதவத் தூக்கித் தள்ளணும் மிஸ்ஸி. இல்லாட்டி வளைவுல தொறந்துக்கும்" என்றார்.

"தொறந்துச்சே" என்றார் மிஸ்ஸி. "மாத்தளை வரைக்கும் நாந்தானே பிடிச்சுக்கிட்டு வந்தேன்."

அப்போதுதான் எனக்கே கதை தெரிந்தது. ஒரு மழை நாளில் மண் சரிந்து கிடந்த வளைவில் காரைப் பின்னால் எடுக்கும்போது அந்தக் கதவு மேட்டில் அடிபட்டு நெளிந்திருக்கிறது. உள்ளே வலியில் ஒரு தாய். மிஸ்ஸி ஒரு கையால் கதவையும் மறு கையால் அவளையும் பிடித்துக்கொண்டு ஆஸ்பத்திரி வரைக்கும் வந்திருக்கிறார். அவளுக்கு இரட்டைப் பிள்ளைகள், இரண்டும் நலம். கதவு பிறகு ஒருநாளும் நேராகவில்லை. படம் இல்லாத காரை மிஸ்ஸி தன் கையில் இருந்த ஞாபகத்தை வைத்தே செய்திருக்கிறார். அதை நான் இரண்டு முறை திருத்தியிருக்கிறேன்!

நடுவருக்கு எல்லாவற்றையும் சிங்களத்தில் சொன்னேன். அவர் டோர்ச்சைப் பைக்குள் போட்டுவிட்டு, எழுதியதை வெட்டினார். முதற் பரிசு என்று மிஸ்ஸியின் பெயரை அறிவித்தபோது காருடன் மேடைக்கு வரச் சொன்னார்கள். எங்கள் மேசை வெறுமையாக இருந்தது. கார், சந்தனம் அண்ணனின் மடியில் உட்கார்ந்து எல்கடுவ பஸ்ஸில் ஏறிப் போய்விட்டிருந்தது. மிஸ்ஸி வெறுங்கையோடு மேடையேறிச் சிரித்த சிரிப்பு, இளம் பெண்ணுடைய சிரிப்பு. நான் கை வலிக்கத் தட்டினேன்.

சாவு வீட்டுக்கு அண்ணன் அந்தக் காரோடுதான் வந்தார். வந்த பெண்கள் ஒவ்வொருவரும் அவரிடம் வாங்கித் தடவிப் பார்த்தார்கள். நிஜக் காரில் போய்ப் பிள்ளை பெற்றவர்களை எனக்கு யாரும் அடையாளம் காட்டத் தேவைப்படவில்லை. அவர்கள் விரல் இடது பின்கதவில் கொஞ்சம் நின்றது.

கார் அண்ணனுடையது. என்னிடம் இருப்பது அதே பனியில் அதே நிமிஷத்தில் அடித்த யோகட் கரண்டி. கடை வாசலில், எல்லா நிற அட்டைகளுக்கும் மேலே தொங்கவிட்டிருக்கிறேன். இது என்ன நம்பர் என்று கேட்கிறவர்களுக்கு, மிஸ்ஸி என்று சொல்கிறேன். நன்றாகக் காய்ந்துவிட்டது. யாரும் வந்து தொட்டுப் பார்க்கலாம்.