முப்பத்தேழாவது சட்டை

பரமத்தி வேலூரில் என் மைத்துனர் மகளுக்குக் கல்யாணம். பெண் வீட்டு ஆண்கள் எல்லோரும் ஒரே மாதிரி உடுத்த வேண்டும் என்று மைத்துனர் ஒரே துணியில் முப்பத்தேழு சட்டை தைத்துவிட்டார். நாவல்பழ நிறம். அஸ்தம்பட்டியில் எங்கள் வீட்டுக்கு வந்ததில் பொத்தான் ஏழு. அதில் ஒன்று தொங்கியது.

"முப்பத்தேழு பேர்ல நான் எவன்னு யாருக்குத் தெரியும்?" என்றேன்.

"தெரிஞ்சு என்னங்க பண்ணப் போறாங்க?" என்றாள் மனைவி.

கணக்கு வாத்தியாராக இருந்தவன் நான். மற்றவர்களை எண்ணிப் பழக்கம். எண்ணிக்கையில் ஒன்றாக நிற்பது எனக்கு ஒத்துவராது. என்னுடைய இளம்பச்சைச் சட்டையைப் போட்டுக்கொண்டு கிளம்பினேன்.

மண்டபத்தில் சாப்பிடப் போனேன். பரிமாறுகிறவர்கள் பதினான்கு பேர். பதினான்கு பேரும் இளம்பச்சைச் சட்டை. நான் திகைத்து நிற்கும்போதே மாப்பிள்ளை வீட்டுக்காரர் ஒருவர் இலையிலிருந்து தலையைத் தூக்காமல், "ஏனுங்க, இங்க ரசமே வரலீங்களே" என்றார். விளக்கம் சொல்ல வாயெடுத்தேன். "பேச்செல்லாம் அப்பறம் சாமி, சோறு ஆறுது."

வாளியை எடுத்து ஊற்றினேன். அந்த வரிசையில் இருபத்திரண்டு இலை. ஒருவரும் நிமிரவில்லை. என்னிடம் மூன்று வருடம் படித்த மைத்துனர் மகன்கூட, "அரைக் கரண்டி போதுங்ணா" என்றான்.

குடும்பப் படம் எடுக்க மேடைக்குக் கூப்பிட்டார்கள். ஏறி ஓரமாக நின்றேன். "பந்தி அண்ணா, கொஞ்சம் தள்ளிக்குங்க" என்றார் புகைப்படக்காரர். தள்ளிக்கொண்டேன். முப்பத்தாறு நாவல்பழச் சட்டைகள் சிரித்தன. ஒன்று குறைவது எவருக்கும் உறைக்கவில்லை.

மனைவி மட்டும் மேடையோரம் வந்து, கைப்பையிலிருந்து அந்தச் சட்டையை எடுத்து நீட்டினாள். பொத்தானைத் தைத்திருந்தாள். பச்சைக்கு மேலேயே மாட்டிக்கொண்டு கூட்டத்துக்குள் நுழைந்தேன்.

போன வாரம் படம் வந்தது. பூதக்கண்ணாடி வைத்து மூன்று தடவை தேடினேன். ஒரே சட்டை, ஒரே சிரிப்பு; வழுக்கை மட்டும் பதினொன்று. நான் அகப்படவில்லை.

"சொன்னனா இல்லியா? கரைஞ்சே போயிட்டேன் பாரு."

மனைவி எட்டிப் பார்த்து, மூன்றாம் வரிசையில் விரலை வைத்தாள். அங்கே ஒரு பின்மண்டைதான் தெரிந்தது.

"இதானுங்க நீங்க."

"மூஞ்சியே இல்லியே, எப்படிச் சொல்ற?"

"மத்தவங்கெல்லாம் கேமராவப் பாக்கறாங்க. நீங்க ஒருத்தர்தான் பின்னால திரும்பித் தல எண்ணிட்டு இருக்கீங்க."

முப்பத்தேழு சரியாக இருந்தது. அது வேறு விஷயம்.