மெழுகிய காஸ் அடுப்பு

நாலு வருஷம் குவைத்தில் இன்னொருத்தி வீட்டு அடுப்பைக் கழுவினேன். ஊருக்கு வந்து மூன்றாம் நாள் என் அடுப்பைக் கழுவ உட்கார்ந்தபோது வந்த ஆத்திரம் அங்கே ஒரு நாளும் வந்ததில்லை.

போகும்போது என் மகளுக்கு நாலு வயது. ஓரகத்தியிடம், அதாவது வீட்டுக்காரரின் அண்ணன் மனைவியிடம், விட்டுவிட்டுப் போனேன். கவ்வாத்து வெட்டிய தேயிலைக் குச்சியை எரித்து, அந்தப் புகையில் பிள்ளை இருமக் கூடாதென்று முதல் வருஷமே காஸ் அடுப்பு வாங்க வைத்தேன். திரும்பி வந்தால் பிள்ளை அவள் முந்தானையைப் பிடித்துக்கொண்டு நிற்கிறது. மூன்று நாளாக என் கையால் ஒரு வாய் சோறு தின்னவில்லை. இன்றைக்கு நானே ஆக்கிப் போட்டு, பிள்ளையைத் தின்ன வைத்தே தீருவது என்று இருந்தேன்.

பற்றவைத்தால் ஒரு பக்கம் எரியவே இல்லை. மறுபக்கம் மஞ்சளாகப் புகைந்தது. அடுப்பின் எவர்சில்வர் மேல்தட்டு கண்ணுக்கே தெரியவில்லை. எண்ணெய்ப் பிசுக்கின் மேல் மண், மண்ணின் மேல் பிசுக்கு, எல்லாவற்றுக்கும் மேல் மஞ்சளும் குங்குமமும். வெள்ளிக்கிழமைதோறும் விறகடுப்பை மெழுகுவது போலவே காஸ் அடுப்பையும் சாணியும் செம்மண்ணும் கரைத்து மெழுகிப் பொட்டு வைத்திருக்கிறாள், மகராசி!

"என்னக்கா இது? காஸ் அடுப்ப யாராச்சும் மெழுகுவாங்களா?"

ஓரகத்தி வாசலோரத்து இஸ்தோப்பில் உட்கார்ந்து பிள்ளைக்குத் தலை சீவிக்கொண்டிருந்தாள். திரும்பக்கூட இல்லை.

"அடுப்புன்னா மெழுகத்தான் செய்யணும். வெளிநாடு போயிட்டு வந்தா அதெல்லாம் மறந்து போகுமோ?"

"ஓட்டையெல்லாம் மண்ணு அடைச்சுக் கெடக்கு. வெடிச்சிருந்தா என்னா செஞ்சிருப்பீங்க?"

"நாலு வருசமா வெடிக்கல. நீ வந்து மூணு நாளுதான் ஆச்சு, வீடே வெடிக்குது."

வாயா அது! புகைந்த பக்கத்திலேயே தண்ணீரைக் கொதிக்கவைத்து இறக்கி, ரெகுலேட்டரை மூடினேன். பித்தளை பர்னர்களைக் கழற்றிக் கொதிதண்ணீரில் அப்பச்சோடா போட்டு ஊறவைத்தேன். மேல்தட்டில் சுடுதண்ணீரில் நனைத்த துணியைப் போட்டு, மண் இளகியதும் பழைய கரண்டியால் சுரண்டினேன். பிசுக்குக்குத் தேசிக்காயின் புளிப்புச் சாறும் சோடாவும் தேய்த்தேன். அதற்கும் அசையாத இடத்தில் கம்பி நாரைப் போட்டேன். கீறல் விழும், தெரியும். குவைத்தில் கம்பி நாரை எடுத்தாலே அந்தம்மா கத்துவாள். இது என் அடுப்பு, கீறினால் கீறட்டும். ஒவ்வொரு பொருக்கும் பெயரப் பெயர அவளைத் திட்டினேன், அவள் காதில் விழும்படியே திட்டினேன். பர்னர் ஓட்டைகளை ஊக்கால் குத்தி எடுத்து முடிக்கும்போது நகக்கண்ணெல்லாம் எரிந்தது.

பற்றவைத்தேன். இரண்டு பக்கமும் நீலமாக நின்று எரிந்தது. சோறாக்கி, உருளைக்கிழங்கு பிரட்டி, தட்டில் போட்டு மகளைக் கூப்பிட்டேன். வந்தாள். தட்டைப் பார்க்கவில்லை, அடுப்பைப் பார்த்தாள்.

"பொட்டு எங்க?"

"சொரண்டிட்டேன். இப்ப பாரு, எப்படி பளபளன்னு இருக்கு!"

"அது நான் வச்சது. பெரியம்மா மெழுகித் தருவாங்க, நான் பொட்டு வைப்பேன். வெள்ளிக்கெழம தவறாம வச்சாத்தான் அம்மா வருவாங்கன்னு பெரியம்மா சொன்னாங்க."

ஓரகத்தி கதவோரம் வந்து நின்றாள். அவள் ஒரு வார்த்தை திட்டியிருந்தால் எனக்கு எவ்வளவோ லேசாக இருந்திருக்கும்.

"இப்ப திரும்பிப் போயிருவீங்களா?" என்று பிள்ளை கேட்டது.

"இல்லம்மா. எங்கயும் போக மாட்டேன். சாப்புடு."



"அன்னைக்குப் போறப்பவும் பொகவந்தலாவ டவுனு கடைக்குப் போயிட்டு வர்றேன்னுதான் சொன்னீங்க" என்றாள். தட்டைத் தூக்கிக்கொண்டு போய்ப் பெரியம்மா பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டாள்.