முள்வேலி வீட்டுப் பெயர்

குட்மேய்ஸ் என்ற ஊரில் ஒரு முதியோர் இல்லத்தின் வரவேற்பு மேசையில் வேலை செய்கிறேன். அங்கே டோர்ன்விங்கல் என்றொரு ஜெர்மன்காரர் இருந்தார். அவரைப் பார்க்க யாரும் வந்ததில்லை.

ஒரு நாள் ஜெர்மனியிலிருந்து ஒரு பெண் தொலைபேசி எடுத்தார். தன் குடும்பப் பெயரும் டோர்ன்விங்கல்தான், இங்கே இருக்கும் பெரியவர் தன் உறவா என்று அவரிடம் கேட்டுச் சொல்ல முடியுமா என்றார். அந்தப் பெண்ணின் எண்ணை ஒரு மஞ்சள் தாளில் எழுதி மேசை லாச்சிக்குள் போட்டேன்.

"அவரிட்டைக் கேட்டனியே?" என்றார் என்னோடு வேலை செய்யும் வசந்தி அக்கா.

"ஒரே பேர் எண்டாப்போலை சொந்தமாகுமே அக்கா? எனக்கும் கடைசிப் பேர் சிவலிங்கம், சந்தி மருந்துக்கடைக்காரருக்கும் சிவலிங்கம். என்ன அவசரம், ஆறுதலாக் கேக்கிறன்."

எங்களுக்கு அப்பாவின் பெயர்தான் கடைசிப் பெயர். அடுத்த தலைமுறையில் அது மாறிவிடும். அந்த நினைப்பிலேயே மூன்று கிழமை போனது. ஒரு காலை பெரியவர் எழும்பவில்லை.

அதன் பிறகுதான் தாளைத் தேடி எடுத்து அந்தப் பெண்ணுக்கு அறிவித்தேன். அடக்கத்துக்கு வந்தார். பெரியவரின் பெட்டியில் முள்வேலி போட்ட ஒரு பண்ணைவீட்டின் படம் இருந்தது. அந்தப் பெண் அதே படத்தின் இன்னொரு பிரதியைத் தன் கைப்பையிலிருந்து எடுத்து அருகில் வைத்தார்.

"டோர்ன் என்றால் முள். இந்த ஒரு வீட்டிலிருந்து வந்த பெயர் இது. அப்பாவுக்குப் பிறகு நான் மட்டும்தான் மிச்சம் என்று நினைத்திருந்தேன்" என்றார். பிறகு, "நான் தேடியது அவருக்குத் தெரியுமா?" என்று கேட்டார்.

"தெரியும். சந்தோஷப்பட்டார்" என்றேன்.

என் இரண்டு கைகளையும் பிடித்து நன்றி சொன்னார். அந்த நன்றியை இன்றுவரை என்னால் எங்கும் இறக்கிவைக்க முடியவில்லை.