அண்ணன் அழித்த என் அக்கவுண்ட்

எங்கள் வீட்டுக் கம்ப்யூட்டரில் மூன்று அக்கவுண்ட் இருந்தன. ஒன்று அண்ணனுக்கு, ஒன்று எனக்கு, ஒன்று ஸ்கூலுக்குப் போகும் தங்கச்சிக்கு. அண்ணன் கொழும்பில் போன் திருத்தும் கடையில் வேலை செய்தான். பழைய கம்ப்யூட்டர் ஒன்றை அங்கிருந்து கொண்டுவந்து, ராகலைக்கு மேலே தேயிலைத் தோட்டத்து லயத்தில், எங்கள் வீட்டு முன் காம்பராவில் பொருத்தியது அவன்தான். மூன்று மாதத்துக்கு ஒருமுறைதான் வருவான். ஆனாலும் அட்மின் அவன். பாஸ்வேர்ட் இருந்ததும் அவனுக்கு மட்டும்.

நானும் ஒரு பாஸ்வேர்ட் வைத்தேன். அடுத்த முறை வந்தபோது அதை எடுத்துவிட்டான்.

"பொம்பளப் புள்ளைக்கு என்னாத்துக்கு பாஸ்வேர்ட்? வீட்டுக்குத் தெரியாம ஒனக்கு என்னா இருக்கு?"

அப்பா சிரித்தார். எனக்கு அப்போது இருபத்து நாலு வயது. தோட்டத்து முன்பள்ளியில் பன்னிரண்டு பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். குனிந்து சோற்றைப் பிசைந்தேன். இன்றைக்கும் அண்ணன்மேல் வரும் கோபத்தில் ஒரு பங்கு அன்று வாயை மூடிக்கொண்டிருந்த என்மேல் வருவதுதான்.

அந்த வருடம் முன்பள்ளி டிப்ளோமாவுக்காக ஓர் அறிக்கை எழுதவேண்டியிருந்தது. பிள்ளைகளை எட்டு மாதம் கவனித்து, கண்டதைத் தேதியோடு பதிய வேண்டும். விடியற்காலையில் அம்மா பெரட்டுக்கு, அன்றைய வேலைக்குப் பேர் கொடுக்கக் கிளம்பும் நேரத்தில் நானும் எழுந்து டைப் பண்ணுவேன். பிள்ளைகளில் ஒருத்தி சேர்ந்த நாளிலிருந்து வாயே திறக்கவில்லை. முதலில் என் சேலை நுனியைப் பிடித்தாள். பிறகு மற்றப் பிள்ளைகள் பாடும்போது உதட்டை அசைத்தாள். ஐந்தாம் மாதம் ஜன்னலைக் காட்டி, "டீச்சர், மழ" என்றாள். ஒவ்வொன்றும் எந்த நாளில் நடந்தது என்று எழுதி வைத்திருந்தேன். போன் நிறைந்துவிடும் என்பதால் படங்களையும் கம்ப்யூட்டருக்கு மாற்றிவிட்டுப் போனில் அழித்திருந்தேன்.

தீபாவளிக்கு நாலைந்து நாள் முன்பே அண்ணன் லீவுக்கு வந்திருந்தான். மத்தியானம் முன்பள்ளி விட்டு வீட்டுக்கு வந்தேன். கம்ப்யூட்டரைப் போட்டால் இரண்டு பெயர்கள்தான் இருந்தன. என் பெயர் இல்லை.

"என் அக்கவுண்ட் எங்கண்ணே?"

"அதுவா? எடம் பத்தல. எடுத்துட்டேன். புதுசா ஒன்னு போட்டுத் தாரேன். ரெண்டு நிமிச வேல."

"அதுக்குள்ள இருந்ததெல்லாம்?"

"என்னா இருந்துச்சு? புள்ளைங்க போட்டோதானே."

திருப்பி எடுக்க முடியுமா என்று கேட்டேன். அதன்மேல் சினிமாப் படங்களை ஏற்றிவிட்டேன், இனிக் கஷ்டம் என்றான். பென்டிரைவில் முதல் மூன்று மாதக் குறிப்புகள் மட்டும் இருந்தன. நான் கத்தினேன். பக்கத்துக் காம்பராக்காரர்கள் எட்டிப் பார்க்கும் அளவுக்குக் கத்தினேன்.

"அண்ணன் லீவுக்கு வந்திருக்கான். பண்டிக வர்ற நேரத்துல சண்ட வேணாம்மா" என்றார் அப்பா.

கம்ப்யூட்டருக்குக் கரண்ட் போகும் வயரைப் பிடுங்கி என் கைப்பையில் போட்டேன். அடுத்த நாள் முன்பள்ளிக்கும் அதைக் கொண்டுபோனேன். அண்ணன் கொண்டுவந்த படங்கள் எல்லாம் பார்க்க முடியாமல் கம்ப்யூட்டருக்குள்ளேயே கிடந்தன. இரண்டாம் நாள், கொழுந்து நிறுத்துவிட்டு நனைந்து வந்த அம்மாவிடம் முறையிட்டான்.

அம்மா தலையைத் துவட்டிக்கொண்டே சொன்னார்: "நான் பெரட்டுக்குப் போறப்ப தெனமும் அவ அதுக்கு முன்னாடிதான் உக்காந்திருப்பா. நீ அவகிட்ட ஒரு வார்த்த கேட்டியா?"

கொழும்புக்குப் போகும் நாள் காலையில் அண்ணன் என்னிடம் வயரைக் கேட்டான். என்னை அட்மின் ஆக்கினால்தான் தருவேன் என்றேன். நானே வயரைச் சொருக, முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு செய்து கொடுத்தான். மன்னிப்புக் கேட்கவில்லை.

நுவரெலியாவுக்கு பஸ் ஏறிப் போய் எங்கள் டிப்ளோமா விரிவுரையாளரிடம் அவகாசம் கேட்டேன். அவர் யாழ்ப்பாணத்துக்காரர். முழுவதையும் கேட்டார்.

"உம்மில பிழை இல்லை, பிள்ளை. ரெண்டு கிழமை தாறன். அதுக்கு மேல என்னால ஏலாது."

அந்த இரண்டு வாரத்தில் எழுதி முடித்தேன். ஆனால் அந்தப் பிள்ளை உதட்டை அசைத்தது எந்த நாள் என்று ஞாபகம் வரவில்லை. "ஏறத்தாழ நான்காம் மாதம்" என்று எழுதினேன். அந்த 'ஏறத்தாழ'வை மூன்று தடவை அழித்துத் திரும்ப டைப் பண்ணினேன்.

அறிக்கையைக் கொடுத்த பிறகு, அக்கவுண்டை எப்படி அழிப்பது என்று பார்க்க வேண்டும் போலிருந்தது. சும்மா ஒரு அக்கவுண்ட் உண்டாக்கி அழித்துப் பார்த்தேன். உடனே அழியவில்லை. பைல்களை வைத்துக்கொள்வதா, அழிப்பதா என்று கம்ப்யூட்டர் கேட்டது. இரண்டு பட்டன்கள் பக்கத்தில் பக்கத்தில் இருந்தன.

அப்போதே அண்ணனுக்குப் போன் பண்ணினேன்.

"அழிக்கிறப்ப, பைல வச்சுக்கவான்னு அது கேட்டுச்சா இல்லியா?"

"கேட்டுச்சு... எடம் வேணும்னுதான்..."

"மெஷினு ஒன்னயக் கேட்டுருக்கு. நீ என்னயக் கேக்கல."

போனை வைத்துவிட்டேன்.

டிப்ளோமா பாஸானேன். சொந்தக்காரர் கல்யாணம் ஒன்றில் அண்ணன் எல்லோருக்கும் நடுவில், "தங்கச்சி படிச்சதே நான் கொண்டாந்து குடுத்த கம்ப்யூட்டர்லதான்" என்று பெருமையடித்துக்கொண்டிருந்தான். சித்தி என்னைப் பார்த்துத் தலையாட்டினார்.

"அதுல இவரு என்னா அழிச்சாருன்னும் கேளுங்க சித்தி" என்றேன்.

நடந்ததை ஒன்று விடாமல் சொன்னேன். அவன் எழுந்து வெளியே போனான். கல்யாண வீட்டில் மானத்தை வாங்கிவிட்டாயே என்று அப்பா வீடு வரும்வரை திட்டினார். திட்டட்டும் என்று பஸ்ஸில் ஜன்னல் பக்கமாக உட்கார்ந்து வந்தேன்.

இப்போது அண்ணன் லீவுக்கு வந்தால், "தங்கச்சி, கம்ப்யூட்டரப் போடவா?" என்று கேட்கிறான். போடு என்கிறேன். அதற்கு மேல் பேச எனக்கு இன்னும் மனம் வரவில்லை.